பிரிந்த விசைப்பலகையில் தமிழ்99: எத்தனை விசைகள் வேண்டும்?

ரோஸ்ஹில் ஆசிரியை (கேள்வி)

வணக்கம். மொரீசியசில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வினாத்தாள்களையும் பாடக் குறிப்புகளையும் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறையிலும், பள்ளிக் கடிதங்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தட்டச்சு செய்கிறேன். தேர்வுக் காலத்தில் இரு மணிக்கட்டுகளும் சுண்டுவிரல் பக்கமாக வளைந்தே இருப்பதால் மாலையில் வலிக்கிறது. ஆகவே, இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனிப் பாதியாகப் பிரிந்த விசைப்பலகைக்கு மாற விரும்புகிறேன். 42 விசைகள் கொண்ட கோர்ன் என்னும் பிரிந்த பலகை மிகவும் பிடித்திருக்கிறது. தமிழ் எழுத்துகள் எல்லாம் அதில் அடங்குமா? பிரெஞ்சுக்குத் தனிப் பலகை வேண்டியிருக்குமா?

போர்ட் லூயிஸ் நிரலாளர்

அம்மா, அடங்கும், ஆனால் வலப்பாதியை முதலில் கவனியுங்கள். தமிழ்99-இல் உயிரெழுத்துகளும் புள்ளியும் இடப்பக்கம் இருக்கின்றன. மெய்களில் வ, ங இரண்டைத் தவிர மற்றவை வலப்பக்கமே. சாதாரணப் பலகையில் 'ச' பகர அடைப்புக்குறி திறக்கும் ([) விசையிலும், 'ஞ' அதை மூடும் (]) விசையிலும், 'ய' மேற்கோள் விசையிலும் அமைந்துள்ளன. கோர்னின் ஒவ்வொரு பாதியிலும் மேலிருந்து கீழாக அமைந்த ஆறு பத்திகள், மூன்று வரிசைகள், அவற்றுடன் மூன்று கட்டைவிரல் விசைகள் உள்ளன. ஆறாம் பத்தியில் ச, ய இரண்டும் தம் இடத்திலேயே அமையும். ஏழாம் பத்தி இல்லாததால் 'ஞ' மட்டும் வெளியே நிற்கும். அதைக் கீழ் வரிசையில் 'ழ' வுக்கு அடுத்த விசைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது பின்னழிப்பு, என்டர் போன்றவற்றைக் கட்டைவிரலுக்குத் தர வேண்டும். கட்டைவிரல் வலிமையானது என்பதால் அது நல்ல மாற்றமே. ஐந்து பத்திகள் மட்டும் உள்ள 36 விசைப் பலகையில் ச, ஞ, ய மூன்றும் வெளியேறிவிடும். 'ச' இல்லாமல் தமிழில் ஒரு பக்கத்தைக்கூட எழுத முடியாது. தமிழ் எழுதுவோருக்கு அந்த அளவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று. பலகைக்குள் இயங்கும் மென்பொருளான நிலைப்பொருளில் (கியூஎம்கே போன்றது) ஆங்கிலத்துக்காகக் கோல்மேக் என்னும் மாற்று எழுத்து அமைப்பை ஏற்றினால் தமிழ் எழுத்துகளும் இடம் மாறிவிடும். தமிழ்99, வழக்கமான ஆங்கில அமைப்பான குவெர்ட்டி விசைகளை அடிப்படையாகக் கொண்டு வரையறுக்கப்பட்டது. எனவே, தமிழுக்கென்று குவெர்ட்டி வரிசையில் தனி அடுக்கு (அதே விசைகளுக்கு வேறு பணி தரும் மாற்று அமைப்பு) ஒன்றை வைத்து, ஒரு விசையால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

மோக்கா வாசகர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஆசிரியைக்கு 42 விசைகள் குறைவு என்றே கருதுகிறேன். கோர்னில் எண் வரிசை கிடையாது. மதிப்பெண் பட்டியலில் ஒவ்வோர் எண்ணுக்கும் கட்டைவிரலால் அடுக்கு மாற்ற வேண்டும். 58 விசைகள் கொண்ட லிலி58 என்னும் பிரிந்த பலகையில் எண் வரிசை இருக்கிறது. ஆனால் முழுதாகப் பிரிந்த பலகையும் புதிய விசை வரிசையமைப்பும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால் பள்ளி வேலை தடைப்படும். 1994-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட நேச்சுரல் பலகையைப் போல, நடுவில் விலகியும் வரிசைகளைப் பழையபடி வைத்தும் செய்யப்பட்டவற்றில் விசை எதுவும் இழக்கப்படுவதில்லை. அவசர வேலைக்கு அது போதும்.

பலர் வியந்து பேசும் 'நடுவரிசை மாற்றுவிசை' உத்தியை, அதாவது ஒரே விசையைத் தட்டினால் எழுத்தாகவும் அழுத்திப் பிடித்தால் ஷிப்ட் அல்லது கன்ட்ரோலாகவும் இயங்கச் செய்வதை, தமிழ் அடுக்கில் வைக்காதீர்கள். இடது சுட்டுவிரலின் கீழ் இருப்பது புள்ளி. தமிழில் அது இடைவிடாமல் வரும். வேகமாகத் தட்டும்போது அந்த விசை எழுத்தா, பிடிப்பா என்ற குழப்பத்தில் புள்ளி விடுபடும்.

பிரெஞ்சுக்குத் தனிப் பலகை வேண்டாம். கணினியில் அமெரிக்க-சர்வதேச அமைப்பைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க ஆல்ட் விசையைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டால் é, ç போன்றவை கிடைக்கும்; ` அல்லது ^ குறியை முதலில் தட்டிப் பிறகு எழுத்தைத் தட்டினால் è, ê போன்றவை கிடைக்கும்.

ரோஸ்ஹில் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. லிலி58-ஐ நோக்கி மனம் சாய்கிறது. வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்க இங்கே வழியில்லை என்பதுதான் தயக்கம்.

போர்ட் லூயிஸ் நிரலாளர்

லிலி58-இன் வரைபடத்தை உண்மையான அளவிலேயே தாளில் அச்சிட்டு, இரு பாதிகளையும் வெட்டி, தோள் அகலத்தில் மேசைமேல் ஒட்டிவிட்டு உங்கள் வினாத்தாள் ஒன்றை அதன்மேல் தட்டிப் பாருங்கள். கட்டைவிரல் எட்டுகிறதா, சுண்டுவிரல் நீள்கிறதா என்பது தெரிந்துவிடும். பற்றவைப்பு வேலை பழக்கமில்லையென்றால் முழுதாகப் பொருத்தப்பட்டதையே வரவழையுங்கள். இரு பாதிகளையும் இணைக்கும் கம்பியைக் கணினியுடன் மின்தொடர்பு இருக்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது. குறுக்குமின் ஏற்பட்டுச் சில்லு கெட்டுவிடலாம். விரல்களில் மரத்துப்போகும் உணர்வும் இருந்தால், பலகை வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.