இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்: மூணு ஆஸ்பத்திரில மூணு ரேட், ஏன் இவ்வளவு வித்தியாசம்? (மும்பை)

செம்பூர்_வாசு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன், தெரிஞ்சவங்க பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. அப்பாவுக்கு 71 வயசு. வலது பக்க இடுப்பு மூட்டு போயிடுச்சு, ஏ.வி.என்.னு சொல்றாங்க, தொடை எலும்போட தலைக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு அது நசுங்கியே போயிருக்கு, அது உக்கார்ற இடுப்பு எலும்புக் கிண்ணம் பக்கமும் தேஞ்சிருக்குன்னு எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர் சொன்னார். ராத்திரி புரண்டு படுக்கக்கூட முடியல, செருப்பைக்கூட அம்மாதான் குனிஞ்சு மாட்டி விடறாங்க. ஆபரேஷன்தான் வழின்னு காட்டின எல்லா டாக்டருமே சொல்லிட்டாங்க, அதுல எங்களுக்கு சந்தேகம் இல்ல.

சந்தேகமெல்லாம் பணத்துலதான். இங்க செம்பூர்ல ஒரு நர்சிங் ஹோம்ல 1,85,000னு எழுதிக் குடுத்தாங்க. தாதர் பக்கம் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரில 3,40,000. அந்தேரி பக்கம் ஒரு பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரில 5,75,000. ஒரே ஆளு, ஒரே இடுப்பு, ஒரே ஊரு, எப்படிங்க மூணு மடங்கு வித்தியாசம் வரும்? கம்மியா சொல்றவங்க எதையாவது குறைக்கறாங்களா, இல்ல அதிகமா சொல்றவங்க சும்மா ஏத்தறாங்களா? அப்பாவுக்கு சுகர் இருக்கு, 2019-ல ஹார்ட்டுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. இன்சூரன்ஸ் வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து 5 லட்சம், ஃபேமிலி ஃப்ளோட்டர், ஆறு வருஷமா விடாம கட்டிட்டு வரோம், ரூம் வாடகை நாளைக்கு 5,000 வரைக்கும்தான்னு பாலிசில இருக்கு. யாரை என்ன கேக்கணும்னே புரியல.

போரிவலி_சங்கர்:

பணத்தைப் பார்க்காதீங்க சார், பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க. ஹார்ட் பேஷன்ட் வேற.

முலுண்ட்_கீதா:

சங்கர் சார் சொல்றதுல ஹார்ட் விஷயம் நியாயம்தான், ஆனா பெரிய ஆஸ்பத்திரின்னா எல்லாத்தையும் கண்ணை மூடிட்டு ஒத்துக்கணும்னு இல்ல. நான் ரொம்ப வருஷம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல வேலை பார்த்தவ, தினமும் இந்த எஸ்டிமேட் பேப்பரோடதான் பொழுது போகும், அதனால சொல்றேன். வாசு தம்பி, உங்க கையில இருக்கற மூணு நம்பரும் ஒரே சாமானோட விலை இல்ல. மொதல்ல அந்த மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எதெல்லாம் உள்ள, எதெல்லாம் வெளியன்னு பாருங்க. நர்சிங் ஹோம் பேப்பர்ல கடைசி வரில "இம்ப்ளான்ட் தனி"ன்னு பொடி எழுத்துல இருக்கான்னு பாருங்க, முக்காவாசி இடத்துல அப்படித்தான் இருக்கும். இம்ப்ளான்ட்டே ஒரு லட்சம், ஒன்றரை லட்சம்னு போகும்போது அதைச் சேர்க்காம சொல்ற ரேட்டை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதே மாதிரி ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கற ரத்த டெஸ்ட், எக்கோ, ஒரு நாள் ஐ.சி.யு., ஃபிசிஷியன் வந்து பார்க்கற சார்ஜ், ரத்தம் ஏத்தினா அதுக்கு, பிசியோ, இதெல்லாம் பேக்கேஜ்ல இருக்கா இல்லையான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. பேக்கேஜ் எத்தனை நாளைக்குன்னும் கேளுங்க, அப்பாவுக்கு சுகர் ஏறி ரெண்டு நாள் கூட இருக்க வேண்டி வந்தா அதுக்கப்புறம் எல்லாம் தனி பில்தான்.

அடுத்தது ரூம். இதை எல்லாரும் வெறும் வாடகைன்னு நினைக்கறாங்க, இல்லைங்க. நிறைய ஆஸ்பத்திரில ஜெனரல் வார்டு, ரெண்டு பேர் ரூம், சிங்கிள் ரூம்னு நீங்க எதை எடுக்கறீங்களோ அதைப் பொறுத்து சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், டாக்டர் விசிட் எல்லாமே மாறும். அதே டாக்டர், அதே டேபிள், அதே கத்தி, ஆனா சிங்கிள் ரூம்காரருக்கு ஃபீஸ் வேற. மாறாதது இம்ப்ளான்ட்டும் மருந்தும் மட்டும்தான்.

இது உங்க பாலிசியோட சேரும்போது இன்னும் கஷ்டம். உங்களுக்கு 5,000 லிமிட்டு, நீங்க 10,000 ரூபா ரூம் எடுத்தீங்கன்னு வச்சுக்கோங்க, கம்பெனி வாடகைல மட்டும் பாதி கழிக்காது, ரூமைப் பொறுத்து மாறற ஃபீஸ் எல்லாத்துலயும் பாதி கழிச்சுடும். சர்ஜன், மயக்கம், தியேட்டர், விசிட் எல்லாம் சேர்ந்து 2,40,000னா 1,20,000 உங்க கையை விட்டுப் போகும். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட், தியேட்டர்ல உபயோகப்படுத்தற சாமான் இதுலெல்லாம் அந்த விகிதப்படி கழிக்கக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட விதியே இருக்கு. யாராவது கழிச்சா விடாதீங்க, எழுதிக் கேளுங்க. 5,000க்கு மேல வாடகை உள்ள ரூமுக்கு 2022 ஜூலைல 5 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் போட்டுட்டாங்க, அதுவும் ஒரு கணக்கு.

மூட்டு மாற்றத்துக்கு வெயிட்டிங் பீரியட் இருக்கும், அதாவது பாலிசி எடுத்து சில வருஷம் கழிச்சுதான் அதுக்குப் பணம் குடுப்பாங்க, ஆனா ஆறு வருஷம் விடாம கட்டினதால உங்களுக்கு அது தாண்டியிருக்கும்.

தாராவி_செல்வம்:

கீதாக்கா சொன்னதுல இருந்து நான் தொடர்றேன். நான் ஆர்த்தோ தியேட்டர்ல டெக்னீஷியன், இம்ப்ளான்ட் டப்பாவைப் பிரிச்சுக் குடுக்கறதே என் வேலைதான்.

வாசு அண்ணா, மொதல்ல இதைக் கேளுங்க: மூணு பேரும் முழு மூட்டுதான் சொல்றாங்களா? பைபோலார்னு ஒண்ணு இருக்கு, அதுல தொடை எலும்புப் பக்கம் மட்டும் மாத்துவாங்க, கிண்ணத்தைத் தொட மாட்டாங்க. வயசானவங்க விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா நிறைய பேருக்கு அதைத்தான் போடுவாங்க, செலவு நல்லாவே கம்மி. உங்க அப்பாவுக்கு கிண்ணமும் தேஞ்சிருக்குன்னு சொல்றீங்க, அப்ப முழுசாத்தான் மாத்தணும். 1,85,000 எதுக்கான ரேட்டுன்னு எழுதி வாங்குங்க.

முழு மூட்டுல நாலு பாகம். கிண்ணத்துக்குள்ள உக்கார்ற கப், அதுக்குள்ள லைனர், அதுல சுத்தற பந்து, தொடை எலும்புக்குள்ள இறங்கற தண்டு. லைனர் பெரும்பாலும் ஒரு வகை பிளாஸ்டிக், அதுல கிராஸ்லிங்க்டுன்னு சொல்றது ரொம்ப மெதுவாத்தான் தேயும், அதான் இப்ப எங்கயும் போடறாங்க. பந்து மெட்டல்லயும் வரும் செராமிக்லயும் வரும், செராமிக் விலை ஜாஸ்தி. அடுத்தது சிமென்ட் வச்சு ஒட்டறதா, எலும்பு தானா வளர்ந்து பிடிச்சுக்கற சிமென்ட் இல்லாத வகையாங்கறது. சிமென்ட் வகை இம்ப்ளான்ட் விலை கம்மி, அதனால தரம் மட்டம்னு அர்த்தம் இல்ல, எலும்பு மெலிஞ்ச வயசானவங்களுக்கு சில சமயம் அதுதான் நல்லதும்கூட. 40 வயசுக்காரருக்கு செராமிக் எதுக்குன்னு எனக்குப் புரியும், இன்னும் முப்பது வருஷம் நடக்கணும். 71 வயசுக்கு எது போதும்னு சர்ஜன் உங்களுக்கு வாயால விளக்கணும், "லேட்டஸ்ட்டு சார்"னு மட்டும் சொன்னா போதாது.

விலை ஏன் இப்படி அலையுதுன்னா, முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு 2017 ஆகஸ்ட்ல என்.பி.பி.ஏ., அதாவது மருந்து விலையைக் கட்டுப்படுத்தற மத்திய அரசு அமைப்பு, உச்ச விலை வச்சாங்க. ஒன்றரை லட்சத்துக்கு மேல போயிட்டிருந்த சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720க்கு வந்துச்சு, ஜி.எஸ்.டி. தனி. இடுப்புக்கு அந்த மாதிரி உச்ச விலை வைக்கல. எம்.ஆர்.பி.யை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுங்கற கட்டுப்பாடு மட்டும்தான். அதனால டப்பா மேல போட்டிருக்கற எம்.ஆர்.பி.க்கும் ஆஸ்பத்திரி வாங்கற விலைக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு, ஒரு ஆஸ்பத்திரி அதை நோயாளிக்கு விட்டுக் குடுக்கும், இன்னொண்ணு முழு எம்.ஆர்.பி.யும் போடும். 2018-ல என்.பி.பி.ஏ. டெல்லி பக்கம் நாலு தனியார் ஆஸ்பத்திரி பில்லை எடுத்துப் பார்த்தப்ப சில சாமான்ல லாபம் 1,737 சதவீதம் வரைக்கும் போயிருந்துச்சு. அது ஊசி, சிரிஞ்ச், மருந்து மாதிரி சாமான் கணக்கு, ஆனா பில்லுல பணம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு அதுல தெரியும்.

இன்னொரு விஷயம், தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. ஒவ்வொரு பாகத்தோட டப்பாலயும் கம்பெனி பேரு, கேட்டலாக் நம்பர், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் நாலஞ்சு இருக்கும். அதைப் பிரிச்சு கேஸ் பேப்பர்ல ஒட்டுவோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது உங்க பேப்பர்லயும் ஒண்ணு ஒட்டித் தரச் சொல்லுங்க, நாலு பாகத்துக்கும். 2010 ஆகஸ்ட்ல டெப்யூங்கற கம்பெனியோட ஏ.எஸ்.ஆர்.ங்கற மெட்டல் இடுப்பு மூட்டை உலகம் பூரா திரும்ப எடுத்தாங்க, இந்தியாவுல சுமார் 4,700 பேருக்கு அது போட்டிருந்துச்சு, அதுல பெரும்பாலானவங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியல. உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு உங்க வீட்டுல ஒரு பேப்பர் இருக்கணும்.

செம்பூர்_வாசு:

ரொம்ப நன்றிக்கா, செல்வம் தம்பி. இப்பதான் பேப்பரை எல்லாம் எடுத்து வச்சுப் பார்த்தேன். நர்சிங் ஹோம் பேப்பர்ல அடியில "இம்ப்ளான்ட், மருந்து ஆக்சுவல்படி"ன்னு இருக்கு, அதாவது தனி. ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி ரேட் ரெண்டு பேர் ரூம், இம்ப்ளான்ட் உள்ள, ஆனா எந்த கம்பெனின்னு எழுதல. கார்ப்பரேட்ல சிங்கிள் ரூம், செராமிக் பந்து, அதோட ரோபோட்டிக்னு ஒரு வரி தனியா 90,000 போட்டிருக்காங்க. ரோபோ கட்டாயமா? அவங்க அது இல்லாம பண்றதே இல்லங்கற மாதிரி பேசறாங்க.

முலுண்ட்_கீதா:

கட்டாயம் இல்லப்பா. ரோபோ வச்சா கப் உக்கார்ற கோணம் துல்லியமா வரும்னு சொல்றாங்க, அது சரிதான், ஆனா வருஷக்கணக்குல பார்க்கும்போது நோயாளி நடக்கறதுல பெரிய வித்தியாசம் தெரியுதுன்னு உறுதியா காட்டற ஆதாரம் இன்னும் வரல. பாலிசில ரோபோட்டிக் சர்ஜரிக்கு தனி லிமிட் இருக்கான்னும் பாருங்க, பல பாலிசில இருக்கு. அந்த ஒரு வரியை எடுத்துட்டு, ரெண்டு பேர் ரூமுக்கு மாத்தி, திரும்ப எஸ்டிமேட் குடுங்கன்னு கேளுங்க. அதே ரூம், அதே வகை இம்ப்ளான்ட்னு மூணு இடத்துலயும் வாங்கினாதான் ஒப்பிடவே முடியும். அப்ப மூணு மடங்கு வித்தியாசம் இருக்காது பாருங்க.

மிச்சம் இருக்கற வித்தியாசத்துல நியாயமானதும் இருக்கு. ஸ்டென்ட் வச்சவர், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுவார், அதை எப்ப நிறுத்தணும் எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு கார்டியாலஜிஸ்ட் பார்க்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா அதே கட்டடத்துல ஐ.சி.யு. இருக்கணும். அந்த வசதிக்குக் குடுக்கற காசு வீண் இல்ல. நர்சிங் ஹோம்ல அது இல்லைன்னா அப்பாவோட நிலைமைக்கு நான் அங்க போக மாட்டேன், எவ்வளவு கம்மியா இருந்தாலும்.

சயான்_அகிலா:

ஒரு விஷயம் யாருமே சொல்லல. அப்பாவுக்கு 70 தாண்டிடுச்சு இல்ல? 2024 அக்டோபர்ல இருந்து 70 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு குடுக்கறாங்க, மத்திய அரசோட இலவச சிகிச்சைத் திட்டம், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். தனியார் இன்சூரன்ஸ் இருந்தாலும் எடுக்கலாம், ஆதார் இருந்தா போதும். இடுப்பு மூட்டு மாற்றம் அந்த லிஸ்ட்ல இருக்கு, சிமென்ட் வகை, சிமென்ட் இல்லாத வகை ரெண்டுமே. ஆனா திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிலதான் செல்லும், அதனால மொதல்ல அந்த ஆஸ்பத்திரில இந்தத் திட்டத்துக்கு உதவி பண்ற ஆரோக்யமித்ரா டெஸ்க்ல போய் இந்த ஆபரேஷன் இங்க பண்றீங்களான்னு கேளுங்க. மகாராஷ்டிரா அரசோட மகாத்மா ஃபுலே சிகிச்சைத் திட்டத்தைப் பத்தியும் அவங்ககிட்டயே கேக்கலாம், ரேஷன் கார்டு எடுத்துட்டுப் போங்க.

எங்க மாமியாருக்கு முனிசிபல் ஆஸ்பத்திரிலதான் பண்ணோம். கே.இ.எம்., சயான், நாயர் மூணுலயும் ஆர்த்தோ டிபார்ட்மென்ட் பெருசு, கேஸ் ஜாஸ்தி பார்க்கறதால டாக்டருங்க கை தேறினவங்க. காத்திருக்கணும், வார்டுல கூட்டம், கூட ஒரு ஆள் எப்பவும் இருக்கணும், அதெல்லாம் உண்மை. நாங்க இம்ப்ளான்ட்டுக்கு மட்டும்தான் பெரிய பணம் கட்டினோம், அதுலயும் ஒரு பகுதிக்கு சோஷியல் ஒர்க்கர் மேடமே எந்த ட்ரஸ்ட்டுக்கு எழுதணும்னு சொல்லி லெட்டர் போட்டுக் குடுத்தாங்க. மாமியார் இப்ப காய்கறி வாங்க சயான் மார்க்கெட் வரைக்கும் தானே நடந்து போறாங்க.

படிக்கற மத்தவங்களுக்கும் சொல்றேன், மகாராஷ்டிராவுல தர்ம ஸ்தாபனமா பதிவான ஆஸ்பத்திரி எல்லாம் 10 சதவீத படுக்கை ஏழைங்களுக்கு இலவசமாவும் இன்னொரு 10 சதவீதம் சலுகை விலைலயும் குடுக்கணும்னு சட்டம், பப்ளிக் ட்ரஸ்ட் சட்டத்தோட 41 ஏ.ஏ. பிரிவு. பார்க்க ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கற பல ஆஸ்பத்திரியும் பதிவுல ட்ரஸ்ட்தான். வருமான சர்டிஃபிகேட் இருந்தா ரிசப்ஷன்ல கேக்காம நேரா சோஷியல் ஒர்க்கரைப் பாருங்க.

டோம்பிவிலி_பிசியோ:

வீட்டுக்கு வந்தப்புறம் ஆகற செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க, பெரும்பாலும் பேக்கேஜ்ல இது வராது. வாக்கர், வெஸ்டர்ன் டாய்லெட் மேல வைக்கற உயர சீட், கொஞ்ச வாரத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மருந்து, வீட்டுக்கு வர்ற பிசியோ. சம்மணம் போட்டு உக்கார்றது, தரைல உக்கார்றது, குத்த வச்சு உக்கார்றது இதெல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் கூடாது, மூட்டு நழுவிடும். பூஜை ரூம்ல உக்கார ஒரு உயர நாற்காலி இப்பவே வாங்கி வச்சுடுங்க.

செம்பூர்_வாசு:

அகிலா அக்கா, வய வந்தனா கார்டு விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, நாளைக்கே அப்பா ஆதாரை எடுத்துட்டுப் போறேன். ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு இப்ப போன் பண்ணேன், இம்ப்ளான்ட் கம்பெனி, வகை, நாலு பாகத்தோட விலை, ஐ.சி.யு. எத்தனை நாள், எல்லாம் லெட்டர்ஹெட்ல எழுதித் தரோம்னு சொன்னாங்க. கார்டியாலஜிஸ்ட் அங்கயே இருக்கார், ராத்திரியும் டியூட்டி டாக்டர் உண்டாம். அந்தேரிக்கு ரோபோ இல்லாம, ரெண்டு பேர் ரூமுக்கு ரேட் கேட்டு மெயில் போட்டிருக்கேன்.

தாராவி_செல்வம்:

நல்லதுண்ணா. சர்ஜனை நேர்ல பார்க்கும்போது ஒண்ணு மட்டும் கேளுங்க, வருஷத்துக்கு எத்தனை இடுப்பு மூட்டு பண்றீங்கன்னு. முழங்கால் நிறைய பேர் பண்ணுவாங்க, இடுப்பு அவ்வளவு பேர் பண்றதில்ல. அடிக்கடி பண்றவர் தயங்காம பதில் சொல்வார். லெட்டர் வந்ததும் கம்பெனி பேரை இங்க போடுங்க, எந்த வகைன்னு நான் பார்த்து சொல்றேன்.