கடன் கொப்பியோடு மாகாண சபைக்குப் போன முதலாளி

வடக்கு மாகாண சபையில் எங்கள் பக்கத்து உறுப்பினராக இருந்தவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். வன்னியில் ஒரு சின்ன நகரத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர். எல்லாருக்கும் அவர் 'முதலாளி'தான்.

மீள்குடியேறி வந்த எங்களுக்கு 2012 கடைசியில் இந்திய வீட்டுத்திட்டம் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, ஆனால் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த காசு. இடையில் சீமெந்துக்கு எங்கே போவது? முதலாளி கடனுக்குத் தந்தார். கொப்பியில் பெயர், ஊர், எத்தனை பை, எந்தக் கட்டக் காசில் திருப்பித் தருவது என்று எழுதுவார், அவ்வளவுதான். 2013 செப்ரெம்பர் 21 தேர்தலில் அவருக்கு விருப்பு வாக்கு விழுந்தது அந்தக் கொப்பியால்தான் என்பது என் எண்ணம். மேடையில் அவருக்குப் பேச்சே வராது.

நான் அப்போது கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர். மாரியில் உடைந்த மதகுக்காகக் கடிதத்தோடு போனேன். வாசித்துவிட்டுச் சொன்னார்: "ஒழுங்கை பிரதேச சபையின்ர, தம்பி. அதுக்கு அங்க குடுங்கோ. மதகு இருக்கிறது சி தர வீதியில, அது மாகாணத்துக்குரியது. நான் கேக்கிறன்." உடனே கொப்பியில் எழுதினார். அதே கடைக் கொப்பி, பின்பக்கத்திலிருந்து.

அதன் பிறகு இழுபட்டது. திணைக்களம், மதிப்பீடு, கொழும்பிலிருந்து வரவேண்டிய நிதி. மாகாண சபைக்குக் காணி, பொலிஸ் அதிகாரங்கள்தான் இல்லை என்று பார்த்தால், கையிலுள்ள வேலைக்கே இந்த இழுபறி. ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார்: "கடையில இல்லை எண்டு சொல்ல ஒரு நிமிசம் காணும். இங்க இல்லை எண்டு சொல்லவே ஆறு மாசம் எடுக்குது."

அடுத்த வருடம் வேலை தொடங்கியது. கொங்கிறீற் போடும் அன்று காலையிலேயே வந்துவிட்டார். குவித்திருந்த மணலில் ஒரு பிடி அள்ளி, தண்ணீர் தெளித்துக் கசக்கி விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கச் சேறு. "இதைப் போட்டா ரெண்டு மாரிக்கு நிக்காது." ஒப்பந்தகாரர் முணுமுணுத்தபடி லோட்டைத் திருப்பி அனுப்பினார். அந்த வேலைக்குச் சீமெந்தைத் தன் கடையில் எடுக்கவே கூடாது என்றும் முதலாளி முன்பே சொல்லிவிட்டார். அந்த மதகால் இன்றும் பஸ் போகிறது.

2018 ஒக்ரோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் வைக்கவில்லை; மாகாணத்தை ஆளுநர்கள் நடத்தினார்கள். அவர் கடைக்குத் திரும்பிவிட்டார். சனம் மட்டும் கடிதத்தோடு அங்கேயே போகிறது. எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும் என்று சொல்லி விடுவார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? எனக்கு இது பெரிய கோபம். குறையிருந்தாலும் அது நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய சபை.

உங்கள் பக்கத்து உறுப்பினர்களிடம் என்ன கேட்டுப் போனீர்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதுங்கள்.