குவாங்சோவில் சுவர் வியர்க்குது, உடம்பு கனக்குது: என்ன சாப்பிடலாம்?

நெல்லைக்காரன்:
வணக்கம். திருப்பூர் கம்பெனி ஒன்றுக்குத் துணி எடுத்து அனுப்பும் வேலையாக டிசம்பரில் தென் சீனாவின் குவாங்சோ நகருக்கு வந்தேன். சோங்தா துணிச் சந்தைப் பக்கம், தரைத்தளத்தில் வீடு. குளிர்காலம் முழுக்க ஒரு தும்மல்கூட இல்லை. மார்ச் பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. டைல்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி தண்ணீர். துவைத்த சட்டை நாலு நாளாகியும் காயாமல் நாறுகிறது. எனக்கு மூக்கடைப்பு, பசி இல்லை, காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. "உடம்புக்குள் ஈரம் ஏறிவிட்டது" என்கிறார்கள் ஆபீஸில். அதனால் தெருமுனையில் விற்கும் கறுப்புக் கஷாயத்தை ஐந்து நாள் விடாமல் குடித்தேன். இப்போது பேதியும் சேர்ந்துகொண்டது. நான் சைவம். இங்கே பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

முத்தாறு:
தம்பி, அந்தக் கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் குடித்தது லியாங் சா. அதிலும் கடுங்கசப்பாக இருந்தால் "இருபத்து நாலு சுவை" என்கிற வகையாக இருக்கும். அது குளிர்ச்சி. தொண்டைப்புண், வாய்ப்புண், உள்சூடு என்றால் இங்குள்ளவர்கள் ஒரு கப் குடித்துவிட்டுப் போவார்கள். உங்கள் உடம்பில் சூடு இல்லையே. ஈரத்தோடு குளிர்ச்சியையும் சேர்த்து ஊற்றியிருக்கிறீர்கள், வயிறு தாங்கவில்லை.

இந்த நாட்களுக்கு ஹுவேய் நான் தியென் என்று பெயர், தெற்குக் காற்று திரும்பும் காலம். குளிரில் சில்லிட்டுப் போன சுவர்மேல் தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான ஈரக்காற்று படுகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாய் நிற்குமே, அதே கதைதான். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை விட்டு விட்டு வரும். தரைத்தளத்துக்காரர்களுக்குத்தான் பாடு அதிகம்.

நான் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் வசந்தத்தில், ஈரம் வெளியே போகட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். ஒரே வாரத்தில் பையனின் அலமாரிக்குப் பின்னால் பச்சைப் பூசணம் பூத்துவிட்டது. அவனுக்கு ராத்திரியெல்லாம் இளைப்பு, நெபுலைசர் வைக்கும் அளவுக்குப் போனது. அப்போதுதான் எதிர்வீட்டு போபோ உள்ளே வந்தார். (கான்டனீஸில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) வந்தவர் மருந்து எதையும் எடுக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தெற்குப் பக்க ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்தினார். ஏசியில் நீர்த்துளிப் படம் போட்ட பொத்தானை அழுத்தச் சொன்னார். அதன் பிறகுதான் பையனை வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய் நாக்கை நீட்டச் சொன்னார். மாவு தடவினாற்போல் வெள்ளைப் படிவு, இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த தடம். ஈரம் ஏறியதற்கு அதுதான் அடையாளமாம். நீங்களும் காலையில் பல் தேய்க்கும் முன் பாருங்கள்.

அவரிடம் கற்ற கஞ்சியைத்தான் இன்றுவரை வைக்கிறேன். யீ மீ என்று ஒரு தானியம், பார்லி போல இருக்கும், ஆனால் பருமன், நடுவில் பள்ளம் ஓடும். ஒரு கைப்பிடியை வெறும் வாணலியில் சிறுதீயில் பொரி வாசனை வரும்வரை வறுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். பச்சையாகப் போட்டால் அதுவும் குளிர்ச்சிதான், வறுத்தால் வயிற்றுக்கு ஒத்துப்போகும். ராத்திரி ஊறவைத்த ச்சீ சியாவ் தோவ் பயறு அதே அளவு. கடையில் கேட்கும்போது கவனம், உருண்டைச் சிவப்புப் பயறு வேண்டாம், ஒல்லியாக நீண்டிருக்கும் அதைக் கேளுங்கள். பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் பூஞ்சை நாலு துண்டு, இஞ்சி இரண்டு வில்லை. கடைசியாக சின்ஹுய் ஊர் ஆரஞ்சுத்தோல், ச்சென்பீ. மூன்று வருஷமாவது பழசாக இருக்க வேண்டும். அரை மணி ஊறவிட்டு, உள்பக்க வெள்ளையைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். எல்லாம் ஒன்றரை மணி நேரம் கொதிக்கட்டும், உப்பு மட்டும் போதும். ஆனால் பேதி நிற்கும்வரை வெறும் அரிசிக் கஞ்சி குடியுங்கள். அப்புறம் வாரம் இரண்டு தரம் இது.

ஊ சீ மாவ் தாவ் என்ற வேரில் சூப்பும் வைப்பார்கள். கொதிக்கும்போது தேங்காய்ப்பால் மணம் வரும், எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். எலும்புக்குப் பதில் நிலக்கடலை, சோளம், கேரட் போடுங்கள். ஆனால் மலையில் தோண்டியது என்று தெருவில் விற்பதை வாங்கவே கூடாது. அதோடு பின்னி வளரும் இன்னொரு செடிக்கு "குடலறுக்கும் புல்" என்று பெயர். வேர் கலந்துபோய் ஆட்கள் செத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று: ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். "ஐந்தாம் மாதத்து சோங் சாப்பிடும்வரை குளிர்த்துணியைக் கட்டி வைக்காதே" என்பார் போபோ. சோங் என்றால் இலையில் கட்டி அவிக்கும் அரிசிக் கொழுக்கட்டை, டிராகன் படகுத் திருநாளுக்குச் செய்வது. சீனக் கணக்கின் ஐந்தாம் மாதம், ஆங்கிலக் கணக்கில் ஜூன் வாக்கில் வரும்.

கவி_மருந்தகம்:
அக்கா சொன்ன ஜன்னல் விஷயத்தைத்தான் நானும் முதலில் சொல்வேன். மூக்கடைப்புக்கும் இளைப்புக்கும் பூசணமே பெரிய காரணம், அதை எந்தக் கஞ்சியும் போக்காது. சகோ, பேதிக்கு ஓஆர்எஸ் குடியுங்கள். ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கு: கர்ப்பிணிகள் யீ மீ சாப்பிட வேண்டாம் என்பது சீன வைத்தியத்திலேயே உள்ள விதி. கட்டிக் கொடுக்கும் கஷாயங்கள் பலவற்றில் அதிமதுரம் இருக்கும். நாள்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் தொடக்கூடாது. முறையாகப் பார்க்க வேண்டுமென்றால் தாதே சாலையில் மாகாணச் சீன வைத்திய ஆஸ்பத்திரி இருக்கிறது, 1933இல் தொடங்கியது. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

நெல்லைக்காரன்:
அக்கா, கவி, ரொம்ப நன்றி. மூன்று நாள் கஞ்சியும் ஓஆர்எஸ்ஸும்தான், பேதி நின்றுவிட்டது. நாக்கு நீங்கள் சொன்னபடியே இருந்தது, ஓரமெல்லாம் பல் தடம். ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டேன், நேற்று ராத்திரிதான் முதல்முறையாகத் தரை காய்ந்தது. கட்டிலை நகர்த்திப் பார்த்தால் சுவரோரம் முழுக்கக் கறுப்பு. யீ மீ வறுத்தேன், கொஞ்சம் தீய்ந்துவிட்டது, பரவாயில்லையா?

முத்தாறு:
தீய்ந்ததைப் போட்டுவிட்டு வேறு வறுங்கள் தம்பி, தீ இன்னும் சின்னதாக. அந்தக் கறுப்பை ப்ளீச் கலந்த தண்ணீரில் துடையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு. வடக்குக் காற்று திரும்பி வெளியே காய்ந்த அன்று எல்லா ஜன்னலையும் திறந்து, மெத்தையை வெயிலில் போடுங்கள்.