கொலராடோவில் தூக்கிய கோப்பை ரே போர்க்குக்குப் பெருமையா?

பழைய கார்டன்:
2001 ஜூன் 9. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான NHL-இன் இறுதிச் சுற்று. கடைசி, ஏழாவது ஆட்டத்தில் நியூஜெர்ஸி டெவில்ஸை 3–1 என்று தோற்கடித்தது கொலராடோ அவலாஞ்ச். ஸ்டான்லி கோப்பையை அணியின் கேப்டன்தான் முதலில் தலைக்கு மேல் தூக்குவது வழக்கம். கேப்டன் ஜோ சாகிக் தூக்கவில்லை. வாங்கிய கையோடு ரே போர்க்கிடம் கொடுத்துவிட்டார். 22 சீசன் காத்திருந்த 40 வயது மனிதர் அதைத் தூக்கினார். பார்த்த எல்லாரும் அழுதார்கள்.

எனக்கு அந்தக் காட்சி இன்றுவரை ஒட்டவில்லை. 1979 முதல் 2000 வரை பாஸ்டன் ப்ரூயின்ஸில் ஆடியவர். எங்கள் கேப்டன். கடைசியில் நல்ல அணியாகப் பார்த்து மாறிப்போய் வாங்கிய கோப்பை அது. அவர் பெயர் கோப்பையில் கொலராடோ என்ற சொல்லுக்குக் கீழே இருக்கிறது. அது பாஸ்டனில் முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை என்பதே என் கருத்து.

நீலக்கோடு:
நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 'மாறிப்போனார்' என்ற சொல் அவருக்குப் பொருந்தாது.

1999-2000 சீசனை நினைத்துப் பாருங்கள். ப்ரூயின்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது, பிளே-ஆஃபுக்கே போகவில்லை. 39 வயதில் அவர் நிர்வாகத்திடம் போய், ஜெயிக்க வாய்ப்புள்ள இடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். ஒப்பந்தம் முடியட்டும், சும்மா போய்விடுவோம் என்று இருக்கவில்லை. மார்ச் 6-ஆம் தேதி ட்ரேட் நடந்தது. டேவ் ஆன்ட்ரிசுக்கோடு சேர்த்து அவரை அனுப்பி, பதிலுக்கு பிரையன் ரோல்ஸ்டன் உட்பட மூன்று ஆட்டக்காரர்களையும் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றையும் பாஸ்டன் வாங்கிக்கொண்டது. அவரை விட்டதற்கு ஊருக்கு விலை கிடைத்தது. இதில் துரோகம் எங்கே?

லீஃப்ஸ் பிள்ளை:
டொரோண்டோவில் இருந்து எழுதுகிறேன். 1967-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத ஊர். ஒரு ஆள் 21 வருடம் எங்கள் ஊருக்காக ஓடிவிட்டு, ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நாங்கள் எல்லாரும் சேர்ந்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டிருப்போம்.

பழைய கார்டன்:
துரோகம் என்று நான் சொல்லவில்லை. பெருமை யாருக்கு என்றுதான் கேட்கிறேன். சாகிக், பாட்ரிக் ருவா, அந்த பிப்ரவரியில் வந்து சேர்ந்த ராப் பிளேக் என்று அந்த அணியில் பெரிய ஆட்கள் நிறைய. போர்க் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார்கள். டெட்ராய்ட்டின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 20 சீசன் ஒரே அணியில் ஆடி, அங்கேயே நான்கு கோப்பை, சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான (தடுப்பாட்டக்காரர்) நாரிஸ் கோப்பை ஏழு வாங்கினார். அதுதான் முழுமை.

நீலக்கோடு:
போர்க் இல்லாமலும் ஜெயித்திருப்பார்களா? சரி, அந்த சீசனைப் பார்ப்போம். 80 ஆட்டங்களில் 59 புள்ளி, அதாவது அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் (அசிஸ்ட்) சேர்த்து. 40 வயதில் லீக்கின் முதல் ஆல்-ஸ்டார் அணியில் இடம். நாரிஸ் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம், அதுவும் நீங்கள் சொன்ன அதே லிட்ஸ்ட்ரோமுக்கு அடுத்தபடியாக. அவலாஞ்சின் பெரிய நட்சத்திரம் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் இரண்டாவது சுற்று முடிந்ததும் மண்ணீரல் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். இறுதிச் சுற்றில் ஐந்தாவது ஆட்டம் முடிந்தபோது அணி 2–3 என்று பின்தங்கி இருந்தது. அந்த நிலையிலிருந்து மீண்ட அணியில் அவரைச் சும்மா ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொன்று. லிட்ஸ்ட்ரோமைச் சுற்றி டெட்ராய்ட் வருடாவருடம் ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது. பாஸ்டன் நிர்வாகம் கையைச் சுருக்கியே வைத்திருந்தது. அதன் விலையை போர்க்தான் கொடுத்தார். டிஃபென்ஸ்மேன் ஒரு ஆட்டத்தில் 30 நிமிடம் ஆடினாலும் மீதி 30 நிமிடம் பெஞ்சில்தான் இருக்க வேண்டும். கோப்பை எண்ணிக்கையை வைத்து ஒரு தனி ஆளை அளப்பதில் எனக்கு என்றுமே உடன்பாடில்லை. 410 கோல், 1169 அசிஸ்ட், மொத்தம் 1579 புள்ளி. எந்த டிஃபென்ஸ்மேனும் இன்னும் அதைத் தொடவில்லை.

எண் நான்கு:
எண்ணிக்கை பேசினால் பாஸ்டனின் பழைய டிஃபென்ஸ்மேன் பாபி ஓர் எங்கே நிற்பார் என்று பாருங்கள். வெறும் 657 ஆட்டம், 915 புள்ளி, தொடர்ந்து எட்டு நாரிஸ். 1970, 1972 இரண்டு கோப்பையும் பாஸ்டனில். முழங்கால் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்த விவாதமே இருந்திருக்காது.

லீஃப்ஸ் பிள்ளை:
அந்த பாபி ஓரும் கடைசியில் பாஸ்டனில் முடிக்கவில்லையே அண்ணை. 1976-இல் சிகாகோவுக்குப் போனார். பாஸ்டன் அணி தன் உரிமையில் பங்கே தர முன்வந்ததை ஏஜென்ட் ஆலன் ஈகிள்சன் அவரிடம் மறைத்துவிட்டார். பாவம், அங்கே 26 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அவரை யாராவது குறை சொல்கிறோமா? போர்க்குக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

பழைய கார்டன்:
நியாயமான கேள்வி. ஓர் ஏமாற்றப்பட்டார், போர்க் கேட்டுப் போனார் என்று பதில் எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே அது பலமான பதிலாகத் தெரியவில்லை.

நீலக்கோடு:
1987 டிசம்பர் 3 உங்களுக்குக் கட்டாயம் நினைவிருக்கும். பழைய பாஸ்டன் நட்சத்திரம் ஃபில் எஸ்பொசிட்டோவின் 7-ஆம் எண்ணை இனி யாரும் போடாதபடி பாஸ்டன் அதற்கு ஓய்வு கொடுத்த இரவு. எட்டு வருடமாக அந்த எண்ணைப் போட்டிருந்தவர் போர்க். பனித்தளத்தில் எஸ்பொசிட்டோவிடம் போய், 7 போட்ட ஜெர்சியைக் கழற்றினார். உள்ளே 77. எஸ்பொசிட்டோவால் பேச முடியவில்லை. தன் எண்ணையே எடுத்துக் கொடுத்த மனிதரிடம் இன்னும் என்ன கேட்கிறோம்? கோப்பை வாங்கிய மூன்றாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு நேரே வந்ததும் பாஸ்டன் சிட்டி ஹால் மைதானத்துக்குத்தான். வேறொரு அணியின் கோப்பைக்காக ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள்.

பழைய கார்டன்:
நான் போகவில்லை. என் நண்பர்கள் போனார்கள், அழுதுவிட்டு வந்தார்கள்.

என்னுடைய போர்க் வேறு. 1990 இறுதிச் சுற்று, முதல் ஆட்டம், எட்மன்டன் ஆயிலர்ஸ். கடைசிப் பகுதியான மூன்றாம் பீரியடில் 0–2 என்று பின்தங்கியிருந்தோம். சமன் செய்த இரண்டு கோலையும் போர்க்கே அடித்தார். இரண்டாவது, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது. அப்புறம் மூன்றாவது ஓவர்டைம் வரை போய் எட்மன்டனின் பீட்டர் கிளிமா அடித்த கோலில் தோற்றோம். அந்த இரவு போர்க் எத்தனை நிமிடம் ஓடினார் என்று எண்ணக்கூட மனம் வரவில்லை.

போனது தப்பில்லை என்று ஒப்புக்கொள்கிறேன், நீலக்கோடு. நாரிஸ் வாக்கு விவரம் என் எண்ணத்தை மாற்றியது. ஆனால் கொலராடோ கோப்பையைவிட அந்தத் தோல்விதான் எனக்குப் பெரிது.

லீஃப்ஸ் பிள்ளை:
அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் போடுங்கள் அண்ணை, இன்று இரவு பார்க்கிறேன்.