மாடி போர்ஷனை நாள் வாடகைக்கு விட என்னென்ன அனுமதி வேண்டும்? (சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை)

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்த வீடு. கீழே அம்மாவும் நானும் இருக்கிறோம். மாடியில் இரண்டு ரூம், சின்ன கிச்சன், தனி பாத்ரூம், தனி மீட்டர். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். திரும்ப மாத வாடகைக்கு விடுவதற்குப் பதில் ஏர்பிஎன்பி மாதிரி ஆப்பில் போட்டு நாள் கணக்கில் விடலாமா என்று யோசிக்கிறேன். இந்தப் பக்கம் இரண்டு நாள் மூன்று நாள் தங்க இடம் தேடி அலைகிறவர்கள் நிறைய. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள், எம்.சி. ரோட்டில் கல்யாண ஜவுளி எடுக்க வெளியூரில் இருந்து வேன் பிடித்து வருகிறவர்கள், இப்போது மெட்ரோவும் வந்துவிட்டது. மாநகராட்சியில் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா, லாட்ஜுக்கு உள்ள சட்டம் வீட்டுக்கும் வருமா, போலீஸில் சொல்ல வேண்டுமா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். எதிர்வீட்டு மாமா மட்டும் "ரெய்டு வரும்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ராயபுரத்தான்:
உங்க வீடு, உங்க இஷ்டம் தலைவரே. எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டு வைத்துக்கொண்டால் யாராவது வந்து கேட்டால் காட்டலாம். எங்கள் தெருவிலேயே சில வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன.

கணக்குப்பிள்ளை:
பதினோரு மாசக் கதையை முதலில் மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017ல் போட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு ராத்திரி தங்கிப் போகிறவரோடு நீங்கள் எந்த ஒப்பந்தம் போடப் போகிறீர்கள்? அந்தக் காகிதத்தை யாரிடமாவது காட்டினால், நாள் வாடகை வாங்கியதும் தெரியும், மறைக்கப் பார்த்ததும் தெரியும்.

உங்கள் விஷயத்தில் நல்லது என்னவென்றால், நீங்கள் அதே வீட்டில் குடியிருக்கிறீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பி அண்ட் பி (தங்க ரூமும் காலை டிபனும்) / ஹோம்ஸ்டே திட்டத்துக்கு அடிப்படை நிபந்தனையே அதுதான், வீட்டுக்காரரும் குடும்பமும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். குறைந்தது ஒரு ரூம், அதிகபட்சம் ஆறு ரூம், பன்னிரண்டு படுக்கை. கோல்டு, சில்வர் என்று இரண்டு தரம். மாநிலச் சுற்றுலாத் துறையிலும் ஹோம்ஸ்டேக்களுக்கு ஆன்லைன் பதிவு இருக்கிறது, சந்தேகம் என்றால் வாலாஜா ரோடு சுற்றுலா வளாகத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் ஏசி, டிவியைவிட முதலில் பார்ப்பது சுவரைத்தான். ஓதம் இருக்கக் கூடாது, ஒவ்வொரு ரூமுக்கும் வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய ரூம் எத்தனை, உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்து தொங்குகிற சுவர் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் மூலை இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

அதே வீட்டில் ஓனர் இல்லாமல், ஒரு பிளாட்டை முழுசாக எடுத்துச் சாவியை டப்பாவில் வைத்து நம்பர் அனுப்புகிறார்களே, அது ஹோம்ஸ்டே ஆகாது. தங்கும் விடுதி என்றுதான் பார்ப்பார்கள், மாநகராட்சித் தொழில் உரிமம் கேட்பார்கள். உங்களுக்கும், விடுதி மாதிரி நடத்தினால் அந்தக் கேள்வி வரலாம். அதனால் பதிவு செய்யும்போதே மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். சொத்து வரியும் அப்படித்தான். குடியிருப்பு என்று அரையாண்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மாடியை வணிகப் பயன்பாடு என்று மாற்றினால் அந்தப் பரப்புக்கு ரேட் கூடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் போட வேண்டாம்.

ஜிஎஸ்டிக்குப் பயப்படத் தேவையில்லை. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே என்றால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆப் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்த ஆப் கம்பெனியே வரியை வசூலித்துக் கட்டும். நாளுக்கு 7,500 ரூபாய் வரைக்கும் 2025 செப்டம்பர் 22ல் இருந்து 5 சதவீதம்தான். பான் நம்பரை மட்டும் ஆப்பில் சரியாகக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பணத்தில் பிடித்தம் போகும்.

லைன்மேன் ஓய்வு:
மேலே சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார், எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் ஆளைப் படுக்க வைப்பது கரண்ட் பில்தான். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், ஃபிக்ஸட் சார்ஜ் கிடையாது. நாள் வாடகைக்கு விட்டு வணிகம் செய்துகொண்டு அதே வீட்டு இணைப்பில் ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. அது திருட்டு இல்லை, அனுமதியில்லாத பயன்பாடு. ஆனால் கட்டணம் இரண்டு மடங்காகப் போடுவார்கள், எப்போதிலிருந்து ஓடுகிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பின்னோக்கி ஒரு வருஷத்துக்குக் கணக்கெடுப்பார்கள். ஒரு ரூமுக்கு ஒரு ஏசி என்று ஓட்டியிருந்தால் அந்தத் தொகை எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

உங்களுக்குத் தனி மீட்டர் இருப்பது பெரிய வசதி. மாடி மீட்டரை மட்டும் கமர்ஷியலுக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள், கீழ்வீடு அப்படியே இருக்கும். கமர்ஷியலில் ஆள் வராத மாதமும் கிலோவாட் கணக்கில் ஃபிக்ஸட் சார்ஜ் உண்டு, அதனால் தேவைக்கு மேல் லோடு வாங்கி வைக்காதீர்கள். இன்னொன்று, கீழ் மீட்டரில் இருந்து ஒயர் இழுத்து மாடி ஏசிக்குக் கொடுக்கிற யோசனை யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரன்:
இருவருக்கும் நன்றி. சுவர் விஷயம் நெத்தியடி, பாத்ரூம் பக்கச் சுவர் அப்படித்தான் இருக்கிறது. போலீஸ் விஷயம் யாராவது சொல்லுங்களேன். ஜோடியாக வந்தால் கல்யாணச் சான்றிதழ் கேட்க வேண்டுமா? அம்மாவுக்கு அதுதான் கவலை.

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி, நாங்கள் இரண்டு ரூம் இப்படி விடுகிறோம், அதனால் சொல்கிறேன். 2012ல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைக்காரர்கள் என்கவுன்டர் நடந்ததே, அதற்கு அப்புறம்தான் வாடகைக்கு வருகிறவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி கமிஷனர் உத்தரவு வந்தது. நாள் வாடகைக்கு ஒவ்வொருவருக்கும் ஃபார்ம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது என்றாலும், ஆரம்பிக்கும் முன்னால் ஸ்டேஷனில் போய் இப்படி ஒன்று நடத்துகிறோம் என்று எழுதிக் கொடுத்து சீல் போட்ட நகல் வாங்கி வையுங்கள். வீட்டில் ஒரு கட்டை நோட்டு போடுங்கள். பேர், ஊர், போன், எங்கிருந்து வருகிறார், எதற்கு வந்தார், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கூட வருகிற எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும், புக் செய்தவர் ஒருவருக்கு மட்டும் வாங்கினால் போதாது. ஆதார் என்றால் கடைசி நாலு நம்பர் மட்டும் தெரிகிற மாதிரி டவுன்லோடு செய்ததையே வாங்குங்கள், முழு நம்பர் ஜெராக்ஸ் வீட்டில் குவிந்தால் நமக்குத்தான் வம்பு.

நம் பக்கம் பலருக்குத் தெரியாதது வெளிநாட்டு பாஸ்போர்ட். தமிழ் பேசுகிறார், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வந்திருக்கிறார், நம்ம ஆள்தானே என்று விட்டுவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் இருந்து வைத்தியத்துக்கு வந்தாலும், மலேசியாவில் இருந்து கல்யாணத்துக்கு வந்தாலும் பாஸ்போர்ட் வேறு நாடு என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஃபார்ம் சி என்கிறார்களே (2025 புதுச் சட்டத்துக்கு அப்புறம் அதன் பேர் ஃபார்ம் III), அதில் ஆன்லைனில் அனுப்ப வேண்டும். அதற்கு ஓனர் முன்கூட்டியே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் (எஃப்ஆர்ஆர்ஓ) தளத்தில் ஐடி வாங்கி வைத்திருக்க வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்குக் கெஸ்ட் வந்து நிற்கும்போது ஐடிக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த ஆபீஸ் இருப்பது சாஸ்திரி பவன், ஹாடோஸ் ரோடு.

ஜோடி விஷயம். கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு சீல் வைத்த வழக்கில், கல்யாணம் ஆகாத இரண்டு பெரியவர்கள் ஒரே ரூமில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் சான்றிதழ் கேட்க வேண்டாம், இருவரும் 18 தாண்டியவர்களா என்று மட்டும் பாருங்கள். அம்மா கீழே இருக்கிற வீடு, குடும்பங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். அப்படியென்றால் ஆப்பிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள், வாசலில் வந்தபிறகு திருப்பி அனுப்புவது அசிங்கம்.

அப்புறம் சட்டத்தில் இல்லாத ஒன்று. உங்கள் மாமாவைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு வந்த புகார் எல்லாம் வேன் நிறுத்தியதற்கும், விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் போட்டதற்கும்தான் வந்தது. மெட்ரோ வாட்டர் வருகிற நேரத்தில் பத்துப் பேர் குளித்தால் தெருவே பேசும்.

ராயபுரத்தான்:
அக்கா இவ்வளவு சொன்ன பிறகு எங்கள் தெரு ஆட்களுக்கு இந்த லிங்கை அனுப்பிவிட்டேன். ஒருவர் இப்போதே கரண்ட் ஆபீஸ் எங்கே என்று கேட்கிறார்.

விம்கோ நகர் வாசி:
இடையில் ஒரு சந்தேகம். எங்களுடையது அபார்ட்மென்ட், பிளாட் எங்கள் பேரில்தான். சங்கம் தடுக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:
பைலாவில், அதாவது சங்க விதிகளில், குடியிருப்புக்கு மட்டும் என்று இருந்தால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். பைலாவைப் படித்துவிட்டு, பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானம் வாங்கப் பாருங்கள். நீங்களே வாடகைக்கு இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால், ஓனரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

மாடிவீட்டுக்காரன்:
எல்லாவற்றையும் படித்துவிட்டு அம்மா வேறு ஒன்று கேட்கிறார். ஸ்டான்லியில் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் சாப்பாட்டோடு விட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதா?

தண்டையார்பேட்டை அக்கா:
அது வேறு தொல்லை தம்பி. பெண்கள் ஹாஸ்டல் என்றால் 2014ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, கலெக்டர் லைசென்ஸ் இல்லாமல் நடத்தக் கூடாது. ஜிஎஸ்டி பக்கம் மட்டும் சலுகை உண்டு, ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாள் தங்கினால் வரி இல்லை. அம்மா சமைப்பார் என்றால் காலை டிபனோடு ஹோம்ஸ்டேயே போடுங்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ரூமைவிட அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சுவர் வேலை முடிந்ததும் சொல்லுங்கள், எங்கள் விண்ணப்பத்தில் என்னென்ன இணைத்தோம் என்று போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.