பெயர் சொல்லி விளம்பரம் செய்தால் அவதூறு வழக்கு வருமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அக்காவும் நானும் மிளகாய்த்தூள் இடித்து விற்கிறோம். இன்னொரு நிறுவனத்தின் பெயரைப் போட்டே, 'அவர்களின் தூளில் சாயம், எங்களதில் இல்லை' என்று முகநூலில் விளம்பரம் செய்ய அக்கா நிற்கிறா. எனக்குப் பயம்.

2002 இல் இலங்கையில் குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டார்கள், சரி. ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொதுநலனும் காட்ட வேண்டும். வாங்கின ஆள் குறை சொன்னால் அது பொதுநலன். விற்கிற நாங்கள் சொன்னால் யார் நம்புவது? 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் போட்டியாளர் மீது பொய்க் குற்றம் சுமத்துவதைத் தடுக்கிறது.

ஆய்வுகூட அறிக்கை கையில் இருந்தால் பெயர் போடலாமா? சட்டத்தரணிகள் யாராவது சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்தில் சாயப் பரிசோதனை எங்கே செய்யலாம் என்றும் தெரிந்தால் நல்லது.