ஜப்பானின் மர எழுத்து அச்சு ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி (மட்டக்களப்பு):
அச்சுக்கலை வரலாறு பற்றி எமது வாசகர் வட்டத்தில் உரையாற்ற ஆயத்தம் செய்கிறேன். ஜப்பானியர் 1590களில் தனித்தனி எழுத்துகளைக் கோத்து நூல் அச்சிடத் தொடங்கி, 1650 அளவில் முழுப் பக்கத்தையும் பலகையில் செதுக்கும் பழைய முறைக்கே திரும்பியதாக வாசித்தேன். காரணம் என்ன? இக்கலையை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கேயரோடு வந்த பாதிரிமாரா?

மறுமொழி (கல்முனை):
இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். இயேசு சபையினர் 1590இல் கொண்டுவந்தது உலோக எழுத்து அச்சியந்திரம். ஆனால் 1592இல் கொரியாவின் மீது படையெடுத்த, அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் ஆட்கள் அங்கிருந்து அள்ளிவந்த அச்செழுத்துகள் பேரரசர் கோ-யோசேயிடம் சேர்ந்தன. அவர் மரத்தில் எழுத்துச் செதுக்குவித்து 1597இல் வெளியிட்ட நூலொன்றின் பின்குறிப்பே இம்முறை கொரியாவிலிருந்து வந்தது என்கிறது. பாதிரிமாரின் பங்கு பற்றி ஆய்வாளர் வாதிட்டாலும், எனக்கு அந்தப் பின்குறிப்புப் போதும்.

மறுமொழி (அக்கரைப்பற்று):
கைவிட்ட காரணத்தை அச்சுக்கோப்பாளரின் மேசையிலிருந்து பார்க்க வேண்டும். நம் பழைய அச்சகங்களில் 'கொ' என்று கோக்க மூன்று ஈயத் துண்டுகளை எடுத்தார்கள். ஜப்பானில் நேர்மாறு: கனா எனும் ஜப்பானிய அசை எழுத்துகள் தூரிகையில் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓடுபவை என்பதால், சுமினோகுரா சோஆன் என்ற வணிகர் கியோத்தோ அருகே சாகாவில் அச்சிட்ட அழகிய நூல்களில் இரண்டு மூன்று எழுத்துகளை ஒரே துண்டில் இணைத்தே செதுக்கினார்கள். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் துண்டுகளின் தொகை பெருகிக்கொண்டே போகும். ஜப்பானியர் கையாளும் சீன எழுத்துகளுக்கு அருகே, அவற்றை வாசிக்கும் விதத்தைக் காட்டும் சிறு குறிகளைப் பொருத்துவதும் பெரும்பாடு. பலகையிலோ எழுத்து, குறி, படம் எல்லாம் ஒரே உளியில் முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது எப்படி?

மறுமொழி (கல்முனை):
இலாபம் பாராதவர்கள் பின்னால் நின்றதால். ஹிதேயோஷிக்குப் பின் ஆட்சியைப் பிடித்த தொகுகவா இயெயாசு கியோத்தோ அருகே ஃபுஷிமியில் செய்வித்த மர எழுத்துகளில் ஏறத்தாழ 50,000 இன்றும் கியோத்தோவின் என்கோஜி விகாரையில் உள்ளன; எதோ நகரின் (இன்றைய தோக்கியோ) கனெய்ஜி விகாரையில் 1637 தொடங்கி 1648 வரை பௌத்தத் திருநூல் தொகுதி முழுவதையும் இம்முறையிலேயே அச்சிட்டார்கள். சில பிரதிகள் மட்டும் வேண்டிய பெருநூலுக்கு இது பொருந்தும். புத்தக வியாபாரிக்குப் பொருந்தாது: அச்சிட்டதும் பக்கத்தைக் கலைத்துவிடுவதால், நூல் மறுபடி விலைபோனால் முதலிலிருந்து கோக்க வேண்டும். பலகையை வைத்திருப்பவர் கேட்கும்போதெல்லாம் மை தடவித் தாளை எடுத்துக்கொள்வார். பணமுடை வந்தால் அந்தப் பலகைகளையே விற்கவும் செய்யலாம்.